கொசுவின் ஒரு கால் போதும்!

ராமேஸ்வரம் தீவில் மலேரியா இருந்தது. அதைப் பரப்பக்கூடிய கொசுவும் இருந்தது. ஆனால், அந்தக் கொசுவைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தால், 'இது மலேரியாவைப் பரப்பாத வகை' என்று முடிவு வந்தது. நோய் இருக்கிறது, கொசு இருக்கிறது, குற்றவாளியை மட்டும் காணோம். நம் நாட்டுக் கொசு ஆராய்ச்சியாளர்களை வருடக்கணக்கில் மண்டை காய வைத்த விஷயம் இது.

கொசுவின் பெயர் அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ். இந்தியக் கிராமப்புற மலேரியாவில் பெரும்பங்கு இதன் கணக்கில்தான் வருகிறது. ஆற்று மணலில் தேங்கிய நீர், வாய்க்கால், வயலோரக் குழி, கிணறு என்று ஓரளவு தெளிந்த தண்ணீர் எங்கே நின்றாலும் முட்டையிடும். ஆனால், இதே கொசு மண்டிக்கிடக்கும் பல மாவட்டங்களில் மலேரியா பெயருக்குத்தான் இருக்கும். வேறு சில மாவட்டங்களில் கொஞ்சம் கொசு இருந்தாலே வீட்டுக்கு வீடு குளிர்ஜுரம் வரும். ஒரே கொசு ஏன் ஊருக்கு ஒரு விதமாக நடந்துகொள்கிறது?

அது ஒரே கொசு இல்லை என்பதுதான் பதில். 1980-ல் கிரீன், மைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் குலிசிஃபேசிஸின் குரோமோசோம்களைப் பார்த்துவிட்டு, இதற்குள் இரண்டு இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்றார்கள். டெல்லியில் இருந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தில் சரளா சுப்பாராவும் அவர் குழுவினரும் அந்த வேலையைத் தொடர்ந்து, 1980களிலேயே எண்ணிக்கையை நான்காக்கினார்கள். 'ஏ', 'பி', 'சி', 'டி' என்று எழுத்துகளே பெயராகிவிட்டன. நால்வரும் உருவத்தில் அச்சு அசல் ஒன்றுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சிறகுப் புள்ளியிலோ கால் வளையத்திலோ ஒரு வித்தியாசமும் கிடைக்காது. குணத்தில் மட்டும் வேறு. 'ஏ' மனிதனுக்கு மலேரியா தரும். 'பி' பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்தோடு நின்றுவிடும். மலேரியா ஒட்டுண்ணி அதன் உடலில் சரியாக வளர்வதும் இல்லை.

ராமேஸ்வரத்தில் கிடைத்ததெல்லாம் இந்த அப்பாவி 'பி'தான்!

மகனைக் கேட்டுத் தாயைக் கண்டுபிடித்தார்கள்

இந்தக் கொசுக்களைப் பிரித்தறிய அப்போது இருந்த முக்கிய வழி, குரோமோசோம் பார்ப்பது. சொல்ல எளிது, செய்வது பெரும்பாடு. ரத்தம் குடித்து, முட்டை பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் பெண் கொசுதான் வேண்டும். கொஞ்சம் முன்னே போனாலும் ஆகாது, பின்னே போனாலும் ஆகாது. அதன் சூலகத்தைப் பிரித்தெடுத்து, அங்குள்ள செல்களை நசுக்கிச் சாயமேற்றினால், குரோமோசோம்கள் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு நீண்டு தெரியும். அந்தப் பட்டைகளின் வரிசை எங்கேயாவது தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று கண்ணால் படிக்க வேண்டும். இதைத் தப்பில்லாமல் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படிப் படித்தபோதும் ராமேஸ்வரத்துக் கொசு 'பி' போலவே இருந்தது. பட்டைகளில் பேதமில்லை. அப்புறம்தான் ஆராய்ச்சியாளர்கள் ஆண் கொசுவின் 'ஒய்' குரோமோசோம் பக்கம் திரும்பினார்கள். அதில் இரண்டு வடிவங்கள் இருந்தன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடிப்பதும் மலேரியாவைச் சுமப்பதும் பெண் கொசு. பெண்ணுக்கு 'ஒய்' கிடையாது. ஆகவே, தாய்க் கொசுவைத் தனித்தனியே பிடித்துவந்து, முட்டையிட வைத்து, புழுக்களை வளர்த்து, அதில் ஆண் புழுக்களின் மூளையைக் கீறி எடுத்துக் குரோமோசோம் பார்த்தார்கள். இன்னொரு பக்கம், அதே தாயின் எச்சில் சுரப்பியில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடினார்கள். ஒட்டுண்ணி சுமந்த தாய்களின் மகன்களிடம் இருந்தது ஒரே வகை 'ஒய்'. 1999-ல் அதை ஐந்தாவது இனமாக அறிவித்தார்கள்: 'இ'. இது வீட்டுக்குள் வந்து தங்கும், மனித ரத்தத்தை நாடும். இத்தனை நாளும் 'பி'யின் முகமூடியில் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தது இதுதான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான நுளம்பு (கொசுவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) குலிசிஃபேசிஸ் என்பது பழைய செய்தி. 1934-35-ல் வறட்சியில் ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கியபோது அது பெருகி, சுமார் 80,000 பேரைக் கொன்ற கொள்ளைநோயை உண்டாக்கியது. அறுபது வருடங்கள் கழித்து குரோமோசோம் பார்த்தவர்கள், தீவில் இருப்பது 'பி' மட்டுமே என்று பதிவு செய்தார்கள். இந்தியாவில் அப்பாவியான 'பி', பாக் நீரிணையைத் தாண்டியதும் கொலைகாரன் ஆகிவிடுமா? ராமேஸ்வரத்து முடிவு வெளியானதும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எஸ்.என்.சுரேந்திரன் உள்ளிட்டவர்கள் தங்கள் ஊர் நுளம்பின் 'ஒய்' குரோமோசோமைப் பார்த்தார்கள். 2000-ல் விடை வந்தது. 'பி'யும் உண்டு, 'இ'யும் உண்டு.

முட்டையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்

உருவத்தை நம்பி ஏமாறுவது மலேரியா ஆராய்ச்சிக்குப் புதிதில்லை. செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் இரண்டு வருடம் கொசுவைக் கீறிக் கீறிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காததற்குக் காரணம், அவர் கையில் இருந்தவை தவறான கொசுக்கள். கியூலெக்ஸையும் ஏடிஸையும் எத்தனை கீறினாலும் மனித மலேரியா அதில் வராது. 1897 ஆகஸ்ட் 20 அன்று, சிறகில் புள்ளி போட்ட வேறொரு கொசுவைக் கீறியபோதுதான் அதன் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணி தென்பட்டது. அது அனாபிலிஸ்.

சரி, அனாபிலிஸ் எங்கே உண்டோ அங்கே மலேரியா உண்டு என்று கணக்குப் போட்டால், ஐரோப்பாவில் அது பொய்த்தது. அனாபிலிஸ் ஏராளமாக இருந்தும் மலேரியாவே இல்லாத ஊர்கள் இத்தாலியிலும் ஹாலந்திலும் வரிசையாக இருந்தன. முடிச்சை அவிழ்த்தவர் பெரிய பேராசிரியர் அல்ல. டொமினிகோ ஃபல்லரோனி என்ற இத்தாலிய சுகாதாரத் துறை மலேரியா ஆய்வாளர். 1926-ல் அவர், பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்த கொசுக்களின் முட்டைகளில் மட்டும் வேறு வேறு கோலங்கள் இருப்பதைக் கவனித்தார். ஒவ்வொரு கோலமும் தலைமுறை தவறாமல் தொடர்ந்தது. அவர் அதற்குப் பெயரும் வைத்தார், தன் துறை மேலதிகாரிகளின் பெயரை! அரசு ஊழியர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அவர் கண்டதைப் பின்தொடர்ந்து, மனிதனைக் கடிப்பவை எவை, மாட்டோடு நிற்பவை எவை என்று பிரித்தார்கள். ஒரே கொசு என்று நினைத்திருந்தது ஒரு பெரிய குடும்பமாக ஆனது.

ஆப்பிரிக்காவில் இதன் விலை இன்னும் அதிகம். உலகிலேயே அதிகமான மனித உயிர்களைக் குடித்த கொசு என்றால் அனாபிலிஸ் காம்பியேதான். லண்டனில் ஜார்ஜ் டேவிட்சன் 1960களில் வெவ்வேறு ஊர்களின் காம்பியே கொசுக்களைக் கூட்டிக் கலப்பினம் உண்டாக்கிப் பார்த்தார். சில ஜோடிகளுக்குப் பிறந்த ஆண்கள் மலடாக இருந்தன. மலட்டுப் பிள்ளை பிறக்கிறது என்றால் பெற்றோர் வேறு வேறு இனம் என்று அர்த்தம். இன்று அந்தக் குடும்பத்தில் எட்டுக்குக் குறையாத இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஒன்று கடலோர உப்புநீரில் வளர்கிறது. ஒன்று மாடுகளையே சுற்றுகிறது. உகாண்டாவின் வெந்நீர் ஊற்றுப் பக்கம் மட்டுமே வாழும் ஒன்றுகூட உண்டு.

இது ஏதோ புத்தகப் புழுக்களின் வாதம் என்று நினைத்துவிட வேண்டாம். நைஜீரியாவின் கார்க்கி பகுதியில் 1970களில் உலக சுகாதார நிறுவனம் பெரிய பரிசோதனை ஒன்றை நடத்தியது. வீடு வீடாகச் சுவரில் பூச்சிமருந்து அடித்தார்கள், மக்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மலேரியா குறைந்ததே தவிர, பரவுவது நிற்கவில்லை. மரியோ கொலுஸ்ஸி என்ற இத்தாலியர் அங்குள்ள கொசுக்களின் குரோமோசோமைப் பார்த்துக் காரணம் சொன்னார். அராபியென்சிஸ் என்ற உடன்பிறப்பு இனத்தில், ஒருவகைக் குரோமோசோம் அமைப்பு கொண்டவை கடித்துவிட்டு வெளியே போய்த் தங்குகின்றன. சுவரில் உட்காராத கொசுவைச் சுவரில் அடித்த மருந்து என்ன செய்யும்?

நம் குலிசிஃபேசிஸ் கதையிலும் இப்படி ஒரு படலம் உண்டு. டி.டி.டி. மருந்துக்கு 'பி' கொசு 'ஏ'யைவிட அதிகம் தாக்குப்பிடிக்கிறது என்று 1980களில் தெரியவந்தது. இரண்டும் கலந்த ஊரில் நூறு கொசுவைப் பிடித்து மருந்தைச் சோதித்தால், பாதி சாகாமல் பறக்கும். 'இங்கே டி.டி.டி. எடுபடவில்லை, விலை உயர்ந்த மருந்துக்கு மாறுவோம்' என்று அதிகாரி எழுதிவிடுவார். பிழைத்துப் பறந்தது நோயே பரப்பாத 'பி'யாகவும், செத்து விழுந்தது நோய் பரப்பும் 'ஏ'யாகவும் இருக்கலாம். கொசுவின் பெயர் தெரியாமல் எடுக்கும் முடிவில் மக்கள் பணம்தான் புகையாகப் போகிறது.

காலை ஒடித்தால் பெயர் சொல்லும்

டி.என்.ஏ. சோதனை வந்ததும் வேலை தலைகீழாக மாறியது. பாதி சினையான பெண் கொசுதான் வேண்டும் என்ற கட்டுப்பாடு போயிற்று. ஆணோ பெண்ணோ, புழுவோ கூட்டுப்புழுவோ, உயிருள்ளதோ காய்ந்துபோனதோ, எதுவானாலும் சரி. முழுக் கொசுகூட வேண்டாம், ஒரு கால் போதும்.

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். இதுவும் அந்தக் குடும்பம்தான். காலை நசுக்கி டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் நமக்கு வேண்டிய ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். இயந்திரத்தில் கோடிக்கணக்கில் நகலெடுக்கிறார்கள். எந்தத் துண்டை எடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம். உயிர்வாழ அவசியமான மரபணுக்கள் நெருங்கிய உறவுள்ள இனங்களில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதில் எழுத்து மாறினால் கொசு பிழைக்காது. ஆனால், அந்த மரபணுக்களுக்கு நடுவே, செல் பயன்படுத்தாமல் வெட்டி எறிந்துவிடும் இடைப்பகுதிகள் இருக்கின்றன. அங்கே எழுத்து மாறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒரே மாதிரி கட்டிய வீடுகளுக்கு நடுவே சந்து மட்டும் தெருவுக்குத் தெரு அகலம் மாறுவதுபோல. புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான மரபணுக்களின் இடைப்பகுதியை ஆராய்ச்சியாளர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒவ்வொரு செல்லிலும் அதற்கு நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருக்கின்றன. அதனால்தான் ஒரு சின்னக் காலே போதுமானதாக இருக்கிறது.

1993-ல் காம்பியே குடும்பத்துக்கு இந்தச் சோதனை வந்தது. பல இனங்களுக்கான தேடல் துண்டுகளை ஒரே குழாயில் போடுகிறார்கள். கொசு காம்பியே என்றால் 390 எழுத்து நீளமுள்ள துண்டு நகலாகும். அராபியென்சிஸ் என்றால் 315. மாட்டைச் சுற்றும் குவாட்ரிஅன்யுலேட்டஸ் என்றால் 153. நகல்களைக் கூழ்ப் பலகையில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறியது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் ஓடி, வெவ்வேறு இடத்தில் கோடாக நிற்கும். கோடு நிற்கும் இடத்தைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொள்ளலாம். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே நாளில் பத்து, இருபது அல்ல, தொண்ணூறு கொசுவுக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

மிச்ச உடல் வீணாகாது. தலையும் மார்பும் ஒரு சோதனைக்குப் போகும். அதில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தெரியும். வயிற்றில் இருக்கும் ரத்தம் இன்னொரு சோதனைக்குப் போகும். கடைசியாகக் கடித்தது மனிதனையா மாட்டையா என்று தெரியும். நீ யார், என்ன சுமக்கிறாய், யாரைக் கடித்தாய் என்று ஒரே கொசுவிடம் மூன்று கேள்வி கேட்டு மூன்றுக்கும் பதில் வாங்கிவிடலாம். மலேரியா விசாரணைக்கு இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதுதான் உயிர்நாடி.

இலங்கையில் டி.என்.ஏ. இன்னொரு ஆள்மாறாட்டத்தையும் பிடித்தது. கரையோரங்களில் உப்புத்தண்ணீரில் வளரும் ஒரு நுளம்பை, உருவத்தை வைத்து 'சப்பிக்டஸ் பி' என்று பெயரிட்டிருந்தார்கள். 2010-ல் சுரேந்திரனும் கூட்டாளிகளும் அதன் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, தென்கிழக்காசியாவின் பெயர்போன மலேரியாக் கொசுவான சண்டைக்கஸ் குடும்பத்தோடு அது பொருந்தியது.

டேங்குக்குள் வந்த விருந்தாளி

டி.என்.ஏ. சோதனையின் அருமையை உலகம் முழுக்க உணர வைத்த கொசு எதுவென்றால், நம் சென்னைக்காரர்கள் நன்கு பழகிய அனாபிலிஸ் ஸ்டெஃபென்சிதான்.

அனாபிலிஸ் வகைகளில் பெரும்பாலானவை கிராமத்து ஆசாமிகள். ஸ்டெஃபென்சி மட்டும் நகரவாசி. மேல்நிலைத் தொட்டி, கிணறு, சிமென்ட் தொட்டி, கட்டுமான இடத்தில் தேக்கிய தண்ணீர் இவைதான் அதன் வீடு. தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பகுதியைச் சென்னை ஒன்றே நீண்ட காலம் கொடுத்துவந்ததற்குக் காரணம் இது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், அரபு நாடுகள் என்று ஒரு வட்டத்துக்குள் இருந்த இக்கொசு, 2012-ல் செங்கடல் முகப்பில் உள்ள ஜிபூட்டியில் தென்பட்டது. அந்தச் சின்ன நாட்டில் 2012-ல் பதிவான மலேரியா 27 பேருக்கு. மலேரியாவை ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 2020-ல் அந்த எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது.

2016-ல் எத்தியோப்பியாவின் கெப்ரி தெஹார் என்ற ஊரில் பிடித்த கொசுக்களை டி.என்.ஏ. வரிசைப்படுத்திப் பார்த்தபோது அங்கும் ஸ்டெஃபென்சி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கொசுவை அடையாளம் காண ஆப்பிரிக்கக் களப்பணியாளர்கள் பின்பற்றிய கையேட்டில் ஸ்டெஃபென்சி என்ற பெயரே கிடையாது. ஆப்பிரிக்காவில் இல்லாத கொசுவை அதில் யார் சேர்ப்பார்கள்? 'சிறகில் இந்தப் புள்ளி இருக்கிறதா, காலில் அந்த வளையம் இருக்கிறதா' என்று கையேட்டைப் படிப்படியாகப் பின்பற்றிப் போனால், கடைசியில் இது காம்பியே என்றே வந்து நிற்கும். டி.என்.ஏ. பார்த்திருக்காவிட்டால் வந்தேறியை உள்ளூர்க்காரன் என்று பதிவேட்டில் எழுதி மூடிவிட்டிருப்பார்கள். சூடானிலும் சோமாலியாவிலும் நைஜீரியாவிலும் அடுத்தடுத்து இது கண்டறியப்பட்டது. எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் 2022-ல் மலேரியா வெடித்தபோது, காரணம் ஸ்டெஃபென்சிதான் என்று கொசுவையும் நோயாளியையும் சேர்த்து ஆராய்ந்து நிறுவினார்கள்.

மன்னாருக்கும் அது வந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளியை 2012 அக்டோபரில் கண்ட இலங்கை, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் 'மலேரியா இல்லாத நாடு' சான்றிதழ் வாங்கியது. சான்றிதழின் மை காய்வதற்குள், மன்னார் தீவின் பேசாலையில் கிணறுகளில் ஒரு புதுப் புழு கிடைத்தது. வளர்த்துப் பார்த்தார்கள், சந்தேகம். டி.என்.ஏ. பார்த்தார்கள், உறுதி. அதன்பின் யாழ்ப்பாணத்திலும் கிடைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ வீட்டுக்கு வீடு கிணறு. சுகாதாரத் துறை அலட்சியமாக இருக்கவில்லை. கிணறுகளில் புழு தின்னும் மீன்களை விட்டார்கள், கண்காணிப்பைக் கூட்டினார்கள். 1963-ல் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலையை எட்டிவிட்டு அசந்துபோனதில், ஐந்தே வருடத்தில் லட்சக்கணக்கானோர் மலேரியாவில் படுத்த அனுபவம் அந்த நாட்டுக்கு உண்டு.

ஸ்டெஃபென்சிக்குள்ளும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. முட்டையின் பக்கவாட்டில் இருக்கும் வரிகளை எண்ணி இதை வடிவங்களாகப் பிரிப்பது 1930களில் தொடங்கிய வழக்கம்; இன்றைய கணக்கில் மூன்று வடிவங்கள். நகரத்து வடிவம் நோய் பரப்பும். 'மைசூரென்சிஸ்' என்று நம் மைசூரின் பெயரைச் சுமக்கும் வடிவம் கிராமத்தில் கால்நடையோடு வாழும். இவை மூன்று இனங்களா, ஒரே இனத்தின் மூன்று வேடங்களா? முட்டை ஒன்று சொல்ல, டி.என்.ஏ. அதற்கு அப்படியே தலையாட்ட மறுக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது.

டி.என்.ஏ.வும் ஏமாறும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டி.என்.ஏ. என்றதும் அது கடைசித் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். சினிமாவும் நீதிமன்றச் செய்திகளும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. கொசு விஷயத்தில் அது அத்தனை சுலபமில்லை.

உலகில் உள்ள எல்லா விலங்குகளையும் ஒரே மரபணுத் துண்டால் அடையாளம் காணலாம் என்று 2003-ல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்மொழிந்தார். கடையில் சரக்கின் மீதுள்ள பார்கோடு பெயரையே அதற்கும் வைத்தார்கள். பெரும்பாலான உயிர்களுக்கு அது வேலை செய்கிறது. காம்பியேயையும் அராபியென்சிஸையும் பிரிக்கச் சொன்னால் கைவிரிக்கிறது. காரணம், இவை தனி இனங்களானாலும், அபூர்வமாகக் கலந்துகொண்டே வந்திருக்கின்றன. கலப்பில் பிறந்த ஆண் மலடு, பெண் மலடல்ல. அந்தப் பெண் வழியே மரபணுக்கள் வேலி தாண்டுகின்றன. ஒரு குரோமோசோம் துண்டு 'நாங்கள் நெருங்கிய உறவு' என்கிறது, 'எக்ஸ்' குரோமோசோம் 'இல்லவே இல்லை' என்கிறது என்பதை 2015-ல் வெளியான ஜீனோம் ஆய்வு விரிவாகக் காட்டியது. பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் ஒன்று, காம்பியேயிலிருந்து அதன் உடன்பிறப்பான கொலுஸ்ஸிக்குக் கலப்பின் வழியேதான் கைமாறியது. கொலுஸ்ஸி என்பது 2013-ல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது; குரோமோசோம் படித்த அந்த இத்தாலியரின் நினைவாக வைத்த பெயர். கொசுக்கள் என்னவோ தங்களுக்குள் இத்தனை குழம்புவதில்லை. அந்தியில் கூட்டமாக ஆடும் ஆண்கள், தங்கள் இனப் பெண்ணைப் பெரும்பாலும் சரியாகக் கண்டுகொள்கின்றன.

குலிசிஃபேசிஸுக்கு வந்த முதல் டி.என்.ஏ. சோதனைகளில் ஒன்று, 'ஏ'யையும் 'டி'யையும் ஒரு கூட்டமாகவும், 'பி', 'சி', 'இ' மூன்றையும் இன்னொரு கூட்டமாகவும்தான் பிரித்தது. ராமேஸ்வரத்துக்குத் தேவை 'பி'யா 'இ'யா என்பது. அதற்கு மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள வேறொரு மரபணுவைத் தேடிப் போக வேண்டியிருந்தது. நெருங்கிய இனமாக ஆக ஆக, பேசும் எழுத்துகள் குறைந்துகொண்டே போகும்.

பி.சி.ஆர். சோதனைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நாம் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். ஐந்து இனத்துக்கான சோதனையில் ஆறாவது இனத்தின் காலைப் போட்டால் கோடே வராது. 'சோதனை சரியாக வரவில்லை' என்று குப்பையில் போடுவார்கள். கென்யாவின் மேற்கு மலைப்பகுதியில் அப்படிப் போடாமல் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத வரிசை கிடைத்தது. அந்தக் கொசுக்களில் மலேரியா ஒட்டுண்ணியும் இருந்தது. 2012-ல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு, கோடு வராத குழாய்களை ஆராய்ச்சியாளர்கள் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது, எந்த அனாபிலிஸ் என்று தெரியாமலே அறுபதுக்கு மேற்பட்ட இடங்களை ஒரே ஓட்டத்தில் வரிசைப்படுத்தும் முறையும் வந்துவிட்டது. கைக்கு அடக்கமான வரிசைப்படுத்தும் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன.

இருந்தாலும், கண்ணை ஓய்வுக்கு அனுப்ப முடியாது. முதலில் இது அனாபிலிஸா, எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று உருவம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். தவறான குழுவின் சோதனையில் போட்டால் பொய்யான கோடு வந்து நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தியை முதுகில் உள்ள யாழ் வடிவ வெள்ளைக் கோட்டை வைத்துப் பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடலாம். அனாபிலிஸ் வகைகளில் தேர்ச்சி பெற வருடங்கள் ஆகும். அப்படித் தேர்ந்த பூச்சியியலாளர்கள் உலகம் முழுக்கக் குறைந்துவருகிறார்கள். மரபணு ஆய்வுக்கு நிதி கேட்டால் கிடைக்கிறது. மாட்டுத் தொழுவத்தில் விடியற்காலையில் டார்ச் லைட்டோடும் உறிஞ்சு குழாயோடும் கொசு பிடிக்கும் பணியாளருக்குச் சம்பளம் கேட்டால் கோப்பு நகர்வதில்லை. கால் இல்லாமல் டி.என்.ஏ. எங்கிருந்து வரும்?

2027-க்குள் உள்ளூர் மலேரியா ஒருவருக்கும் இல்லை என்ற நிலையை எட்டுவது, 2030-ல் ஒழித்துவிடுவது என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. நோய் பெரிதாக இருக்கும்போது எல்லா வீட்டுச் சுவரிலும் மருந்து அடிக்கலாம். நோய் அருகிப்போன கடைசிக் கட்டத்தில், எந்த ஊரில் எந்தக் கொசு மிச்சமிருக்கிறது என்று தெரிந்து, அதை மட்டும் குறிவைக்க வேண்டியிருக்கும். புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மண்டலப் பூச்சியியல் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மண்டலக் குழுவுக்கும் ஒரு பி.சி.ஆர். வசதி, கொசு பிடிக்கத் தெரிந்த நிரந்தரப் பணியாளர்கள், பிடித்த கொசுவின் பெயரை மாவட்ட அதிகாரிக்கு உடனுக்குடன் சொல்லும் ஏற்பாடு, இந்த மூன்றும் பெரிய செலவில்லை. கொரோனாவுக்காக வாங்கிய இயந்திரங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கொசுப் பக்கம் திருப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். அரசு இதைச் செய்ய வேண்டும்.

நம் பங்குக்கு இரண்டே வேலை. மொட்டைமாடித் தொட்டியையும் கிணற்றையும் கொசு நுழையாதபடி வலையோ மூடியோ போட்டு மூடுங்கள். ஸ்டெஃபென்சியைத் தடுக்க டி.என்.ஏ. தேவையில்லை. கொசுப்புழு ஆய்வுக்கு என்று மாநகராட்சியிலிருந்தோ ஊராட்சியிலிருந்தோ ஆள் வந்தால், 'எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை' என்று வாசலோடு அனுப்பாமல் மாடிக்கு ஏற விடுங்கள்.